பிரையன் கிரெப்ஸ்: ஒற்றை மனிதர் நடத்தும் செய்தித்தளம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கைபேசி விமர்சனமும் புதுச் செயலி அறிமுகமும் எழுதுவதைத் தாண்டி ஒரு தொழில்நுட்பச் செய்தியாளருக்கு என்ன வேலை இருக்கிறது என்று இதழியல் படிக்கும் இளைஞர்கள் என்னிடம் பலமுறை கேட்டிருக்கிறார்கள். அப்போதெல்லாம் நான் அமெரிக்காவின் பிரையன் கிரெப்ஸைத்தான் எடுத்துச் சொல்வேன். வலைப்பதிவு, தொலைக்காட்சி, புத்தகம் ஆகிய மூன்றிலும் இயங்கும் அவருடைய வாழ்க்கையைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் அவற்றுக்கு நான் அளித்த விடைகளையும் இங்கே ஒருசேர எழுதி வைக்கிறேன்.

பிரையன் கிரெப்ஸ் யார்?

கணினிக் குற்றங்களைப் பற்றி மட்டுமே எழுதும் அமெரிக்கப் புலனாய்வுச் செய்தியாளர். 1972இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர். 1995 முதல் 2009 வரை வாஷிங்டன் போஸ்ட் நிறுவனத்தில் பணியாற்றினார். 2009 டிசம்பர் இறுதியில் ‘கிரெப்ஸ் ஆன் செக்யூரிட்டி’ என்ற தம்முடைய தளத்தைத் தொடங்கி, அன்றிலிருந்து அதைத் தனியாகவே நடத்தி வருகிறார். வங்கி அட்டைத் திருட்டு, குப்பை மின்னஞ்சல் வணிகம், ஏடிஎம் இயந்திரங்களில் பொருத்தப்படும் திருட்டுக் கருவிகள், தரவுக் கசிவுகள், இணையத்தளங்களை முடக்கும் கூலிப்படைகள் ஆகியவை அவர் தொடர்ந்து எழுதிவரும் துறைகள்.

அவர் கணினி அறிவியல் படித்தவரா?

இல்லை. ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் பன்னாட்டு உறவுகள் சார்ந்த படிப்பில் 1994இல் பட்டம் பெற்றவர். வாஷிங்டன் போஸ்ட்டில் முதலில் சேர்ந்ததும் செய்தியாளராக அல்ல. பத்திரிகை விநியோகப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, கடிதங்களைப் பிரித்து அடுக்குவது, வெளியூரிலிருந்து செய்தியாளர்கள் தொலைபேசியில் சொல்வதைத் தட்டச்சு செய்வது போன்ற சிறு பணிகளைச் செய்து, படிப்படியாகச் செய்தி அறைக்குள் வந்தவர். 1999இல் அந்நிறுவனத்துக்குச் சொந்தமாக இருந்த நியூஸ்பைட்ஸ் என்னும் தொழில்நுட்பச் செய்திச் சேவையில் எழுதத் தொடங்கினார். அச்சேவை 2002இல் விற்கப்பட்டபோது வாஷிங்டன் போஸ்ட்டின் இணையப் பதிப்புக்கு மாறினார்.

பாதுகாப்புத் துறையின் பக்கம் அவரைத் திருப்பியது அவருடைய வீட்டில் நேர்ந்த ஒரு சம்பவம். 2001இல் லினக்ஸ் இயங்குதளத்தைக் கற்றுக்கொள்வதற்காகப் பழைய கணினி ஒன்றை வீட்டு வலையமைப்பின் காவல் கணினியாக அமைத்திருந்தார். ‘லயன்’ என்ற கணினிப் புழு அதற்குள் நுழைந்து அவரையே வெளியே தள்ளிப் பூட்டிவிட்டது. எப்படி நுழைந்தார்கள், யார் நுழைந்தார்கள், தன்னால் ஏன் தடுக்க முடியவில்லை என்ற கேள்விகளுக்கு விடை தேடிப் புறப்பட்டவர், அந்தத் தேடலையே தொழிலாக்கிக்கொண்டார். பிற்காலத்தில் ரஷ்யக் குற்றக் குழுக்களின் உரையாடல்களை நேரடியாகப் படிக்க வேண்டும் என்பதற்காக ரஷ்ய மொழியையும் கற்றார். மொழிபெயர்ப்பாளரை நம்பியிருக்கும் செய்தியாளருக்குச் சுருக்கம்தான் கிடைக்கும். மூலத்தைப் படிப்பவருக்கு அங்கே நடக்கும் பேரமும் ஏச்சும் நட்பும் துரோகமும் சேர்ந்து கிடைக்கும். இந்தத் துறைக்கு வர விரும்பும் இளைஞர்களிடம் நான் முதலில் எடுத்துச் சொல்வதும் இந்த மொழிப் படிப்பைத்தான்.

பத்திரிகையில் இருந்துகொண்டு அவர் எழுதிய வலைப்பதிவு எத்தகையது?

2005 முதல் 2009 வரை ‘செக்யூரிட்டி ஃபிக்ஸ்’ என்ற பெயரில் வாஷிங்டன் போஸ்ட் தளத்தில் எழுதினார். 1,300க்கும் மேற்பட்ட பதிவுகள் வந்தன. அன்றைக்கு வெளியான மென்பொருள் திருத்தங்களை உடனே நிறுவிக்கொள்ளுங்கள் என்பது போன்ற சிறு குறிப்புகளும், பல மாதங்கள் உழைத்து எழுதிய புலனாய்வுகளும் அதே இடத்தில் அடுத்தடுத்து வெளிவந்தன.

அவற்றுள் எல்லோரும் நினைவுகூர்வது 2008 நவம்பரில் நடந்தது. கலிஃபோர்னியாவில் இயங்கிய மெக்கோலோ என்னும் சர்வர் வாடகை நிறுவனத்தின் வழியாக உலகின் குப்பை மின்னஞ்சலில் பெரும்பகுதி இயக்கப்படுகிறது என்பதற்கான ஆதாரங்களைப் பாதுகாப்பு ஆய்வாளர்களிடமிருந்து அவர் சில மாதங்களாகத் திரட்டி வந்தார். கட்டுரையை எழுதுவதற்கு முன் அந்த ஆதாரங்களை, மெக்கோலோவுக்கு இணைய இணைப்பு வழங்கிய இரண்டு பெரிய நிறுவனங்களிடம் கொடுத்து விளக்கம் கேட்டார். அவை ஆதாரங்களைப் பார்த்ததும் நவம்பர் 11 அன்று இணைப்பைத் துண்டித்தன. உலகம் முழுவதும் குப்பை மின்னஞ்சல் ஒரே நாளில் பாதிக்கும் மேல் சரிந்தது. மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது என்று சிலரும், நான்கில் மூன்று பங்கு என்று சிலரும் கணித்தனர். கும்பல்கள் வேறு சர்வர்களைத் தேடிக்கொண்டதால் சில மாதங்களில் அளவு மறுபடியும் ஏறியது. ஆயினும், சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்டு ஒரு செய்தியாளர் பெற்ற விளைவு இது. எதிர்த்தரப்பின் விளக்கம் கேட்பது இதழியலில் வெறும் சம்பிரதாயமாகிவிட்ட காலத்தில், அந்த விளக்கக் கேள்வியே செயலாக மாறியதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பெரிய பத்திரிகையின் துணையில்லாமல் அவரால் எப்படிச் செய்திகளை முந்தித் தர முடிந்தது?

2010 ஜூலையில், பின்னர் ஸ்டக்ஸ்நெட் என்று பெயர்பெற்ற தீநிரலைப் (கணினிக்குக் கேடு செய்யும் மென்பொருளைப்) பற்றி முதலில் எழுதிய செய்தியாளர்களில் அவரும் ஒருவர். 2013 அக்டோபரில் அடோபி நிறுவனத்தின் மூல நிரல்கள் திருடப்பட்டதை ஹோல்டு செக்யூரிட்டி என்ற ஆய்வு நிறுவனத்தாருடன் சேர்ந்து கண்டறிந்தார். 2015 ஜூலையில், திருமணமானவர்கள் ரகசிய உறவு தேடும் ஆஷ்லி மேடிசன் தளத்தின் தரவுத் திருட்டையும், 2019 மே மாதம் ஃபர்ஸ்ட் அமெரிக்கன் என்ற நில உரிமைக் காப்பீட்டு நிறுவனத்தின் தளத்தில் ஏறத்தாழ 88.5 கோடி ஆவணங்கள் எவரும் பார்க்கும்படி திறந்து கிடந்ததையும் வெளியிட்டார்.

முந்துவதற்குக் காரணம் அவர் நிற்கும் இடம். திருட்டுப் பொருள் விற்கப்படும் சந்தையை அவர் நாள்தோறும் பார்க்கிறார். திருடப்பட்ட நிறுவனத்துக்கே தெரியாத திருட்டு, அந்தச் சந்தையில் சரக்காக வந்து இறங்கும்போது அவருக்குத் தெரிந்துவிடுகிறது. இன்னொரு பக்கம் வங்கிகளின் மோசடித் தடுப்புப் பிரிவு ஊழியர்கள் அவரை நம்புகிறார்கள். பல ஆண்டுகளாகப் பெயரைக் காத்து, சொன்ன சொல்லைக் காத்ததால் கிடைத்த நம்பிக்கை அது.

ஒரு கசிவு உண்மைதான் என்று அவர் எப்படி உறுதிசெய்கிறார்?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாக விடை சொல்ல வேண்டும், ஏனெனில் அவருடைய தொழிலின் உயிர்நிலை இதில்தான் இருக்கிறது.

2013 டிசம்பரில், திருடப்பட்ட வங்கி அட்டைகளை விற்கும் கள்ளச்சந்தைத் தளம் ஒன்றில் புதிய அட்டைகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தன. தங்கள் வாடிக்கையாளர்களின் அட்டைகளும் அங்கே இருக்கின்றனவா என்று அறிய, வங்கிகள் சில அட்டைகளைத் தாங்களே விலைகொடுத்து வாங்கிப் பார்த்தன. அந்த அட்டைகள் எல்லாவற்றுக்கும் பொதுவாக அமைந்த கடை எது என்று கணக்குகளைத் துழாவியபோது ஒரே பெயர் வந்தது: அமெரிக்காவின் பெரிய பல்பொருள் கடைத்தொடரான டார்கெட். நியூ இங்கிலாந்துப் பகுதியின் சிறு வங்கி ஒன்று வாங்கிய 20 அட்டைகளும் நவம்பர் இறுதிக்கும் டிசம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் டார்கெட் கடைகளில் தேய்க்கப்பட்டவை. வெவ்வேறு பெரிய வங்கிகளின் ஆட்கள் ஒருவரையொருவர் அறியாமலேயே அதே விடையைச் சொன்ன பிறகுதான், டிசம்பர் 18 அன்று கிரெப்ஸ் செய்தியை வெளியிட்டார். மறுநாள் டார்கெட் அதை ஒப்புக்கொண்டது. 4 கோடி அட்டைகளின் விவரங்கள் போயிருந்தன. 7 கோடிப் பேரின் முகவரி, தொலைபேசி எண் போன்ற விவரங்களும் போயிருந்தன என்பது அடுத்த மாதம் தெரிந்தது. 2014 மே மாதம் அந்நிறுவனத்தின் தலைமைச் செயல் அலுவலர் பதவி விலகினார். திருடர்கள் உள்ளே நுழைந்த வழியையும் கிரெப்ஸே கண்டுபிடித்து எழுதினார்: டார்கெட் கடைகளுக்குக் குளிர்சாதன வேலைகளைச் செய்துவந்த பென்சில்வேனியா ஒப்பந்தக்காரர் ஒருவரின் கணக்கைக் கைப்பற்றித்தான் அவர்கள் உள்ளே போயிருந்தார்கள்.

2014 செப்டம்பரில், வீட்டுக் கட்டுமானப் பொருள்கள் விற்கும் ஹோம் டிப்போ கடைத்தொடரில் நடந்த அட்டைத் திருட்டுச் செய்தி இன்னும் நுட்பமாக உறுதிசெய்யப்பட்டது. கள்ளச்சந்தையில் ஒவ்வொரு அட்டையும் எந்த அஞ்சல் குறியீட்டுப் பகுதியில் திருடப்பட்டது என்ற விவரத்தோடு விற்கப்படுகிறது. அட்டைக்காரரின் ஊருக்கு அருகிலேயே செலவழித்தால் வங்கிக்குச் சந்தேகம் வராது என்பதால் வாங்குவோர் அதைக் கேட்கிறார்கள். கிரெப்ஸ் அந்த அஞ்சல் குறியீடுகளையெல்லாம் திரட்டி, ஹோம் டிப்போ கடைகள் இருக்கும் இடங்களின் குறியீடுகளோடு ஒப்பிட்டார். 99.4 விழுக்காடு பொருந்தியது. பின்னர் அந்நிறுவனம் 5.6 கோடி அட்டைகள் பாதிக்கப்பட்டதாக அறிவித்தது. திருடர்கள் தங்கள் வணிக வசதிக்காக எழுதிவைத்த விவரமே அவர்களுக்கு எதிரான சாட்சியானது. ஓர் அலுவலரின் வாக்குமூலமும் இல்லாமல், எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கை மட்டும் வைத்து நிறுவப்பட்ட செய்தி என்பதால், மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது இதைத்தான்.

அவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது?

தளத்தில் வரும் விளம்பரங்களும், மாநாடுகளிலும் நிறுவனக் கூட்டங்களிலும் ஆற்றும் உரைகளும் முதன்மையானவை, புத்தகமும் உண்டு. கட்டுரைகளுக்குக் கட்டணம் இல்லை. விளம்பர வலையமைப்புகளின் வழியாகத் தீநிரல் பரவுவதைப் பற்றிப் பலமுறை எழுதியவர் என்பதால், அத்தகைய வலையமைப்பு எதையும் தம் தளத்தில் அனுமதிக்காமல், படங்களாகத் தம் சர்வரிலேயே வைத்து விளம்பரங்களைக் காட்டுகிறார்.

அவருடைய வீட்டுக்கு ஆயுதப் போலீஸ் வந்ததாகச் சொல்கிறார்களே, உண்மையா?

உண்மை. 2013 மார்ச் 14 மாலை, வர்ஜீனியா மாநிலத்தில் இருந்த தம் வீட்டில் இரவு விருந்துக்கு வீட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தவர் கதவைத் திறந்து வெளியே வந்தபோது, துப்பாக்கி ஏந்திய காவலர்கள் அவரைச் சூழ்ந்து நின்றார்கள். அவருடைய எண்ணிலிருந்தே வருவது போலப் போலியாக அமைத்த அழைப்பில், ரஷ்யர்கள் வீட்டுக்குள் புகுந்து மனைவியைச் சுட்டுவிட்டார்கள் என்று யாரோ காவல்துறைக்குச் சொல்லியிருந்தார்கள். கைவிலங்கு பூட்டப்பட்ட பிறகுதான் உண்மை விளங்கியது. இப்படிப் பொய்த் தகவல் சொல்லி ஆயுதப்படையை ஒருவர் வீட்டுக்கு ஏவுவதை அமெரிக்காவில் ஸ்வாட்டிங் என்கிறார்கள். உயிர் போகக்கூடிய குற்றம் அது. இது தமக்கு நேரலாம் என்று எதிர்பார்த்துச் சுமார் 6 மாதங்களுக்கு முன்பே அவர் காவல்துறையில் எழுதிக் கொடுத்திருந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தச் சம்பவத்திலும் இதுபோன்ற பிற குற்றங்களிலும் தொடர்புடைய ஒருவருக்கு 2016இல் 2 ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

அதே 2013 ஜூலையில், அட்டைத் திருடர்களின் இணைய உரையாடல் மன்றம் ஒன்றை நடத்திய உக்ரைனியர் ஒருவர், சக திருடர்களிடம் பிட்காயின் வசூலித்து, ஹெராயின் வாங்கி கிரெப்ஸ் வீட்டுக்கு அஞ்சலில் அனுப்பினார். பொட்டலம் வந்து சேர்ந்ததும் காவல்துறைக்குத் துப்புக் கொடுத்து அவரைக் கைதுசெய்ய வைப்பது திட்டம். அந்த மன்றத்துக்குள் ஏற்கெனவே இருந்த கிரெப்ஸ் திட்டத்தை முழுவதும் படித்துவிட்டு, பொட்டலம் வருவதற்கு முன்பே காவல்துறையிடம் சொல்லிவிட்டார். ஓர் இதழின் பின்பக்கம் ஒட்டப்பட்டு 13 சிறு பொட்டலங்கள் வந்தன. அனுப்பியவர் 2014இல் இத்தாலியில் பிடிபட்டு, அமெரிக்காவுக்குக் கொண்டுவரப்பட்டு, 2017இல் 41 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

இக்கதைகளைச் சாகசமாகச் சொல்லி ரசிப்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த வீட்டில் அவருடைய மனைவியும் இருந்தார்; செய்தியை எழுதாத ஒருவரும் அந்த விலையில் பங்கு கொடுக்க நேர்ந்தது.

2016இல் அவருடைய தளம் இணையத்திலிருந்தே மறைந்தது ஏன்?

செப்டம்பர் 8 அன்று ‘விடாஸ்’ என்ற சேவையைப் பற்றி அவர் எழுதினார். பணம் கொடுத்தால் எந்தத் தளத்தையும் போலிக் கோரிக்கைகளின் வெள்ளத்தில் மூழ்கடித்து முடக்கித்தரும் கூலிச் சேவை அது. இஸ்ரேலைச் சேர்ந்த 18 வயது இளைஞர்கள் இருவர் அதை நடத்தி இரண்டே ஆண்டுகளில் 6 லட்சம் டாலருக்கும் மேல் சம்பாதித்திருந்தனர். இருவரும் கைதாயினர். செப்டம்பர் 20 இரவு, நொடிக்கு 620 ஜிகாபிட் அளவுக்கு கிரெப்ஸின் தளத்தின் மீது வெள்ளம் பாய்ந்தது. அதுவரை பொதுவெளியில் அறியப்பட்ட தாக்குதல்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

அவருடைய தளத்தை அகமாய் நிறுவனம் அதுவரை கட்டணமின்றிப் பாதுகாத்து வந்தது. முதலில் தாக்குப்பிடித்தாலும், கட்டணம் செலுத்தும் வாடிக்கையாளர்களும் பாதிக்கப்படும் நிலை வந்தபோது பாதுகாப்பை விலக்கிக்கொண்டது. கிரெப்ஸ் அதைக் குறைகூறவில்லை. பல ஆண்டுகள் இலவசமாகக் காத்தவர்கள் என்றே எழுதினார். அந்த அளவு பாதுகாப்பை விலைக்கு வாங்க வேண்டுமானால் ஆண்டுக்கு ஒன்றரை லட்சம் முதல் 2 லட்சம் டாலர் வரை ஆகும் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. சில நாள்கள் தளம் இருளில் இருந்தது. பிறகு, செய்தித் தளங்களைக் காப்பதற்காக கூகுள் நடத்தும் ‘புராஜெக்ட் ஷீல்டு’ என்ற இலவசத் திட்டத்தின்கீழ் செப்டம்பர் 25 அன்று மீண்டும் வந்தது.

அன்று அவர் எழுதிய கட்டுரை, தணிக்கை எல்லோருடைய கைக்கும் வந்துவிட்டது என்ற கருத்தை முன்வைத்தது. முன்பெல்லாம் ஒரு செய்தியை அழிக்க அரசு வேண்டும், சட்டம் வேண்டும், அல்லது பெரும்பணம் வேண்டும். இப்போதோ, தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் வீடுகளில் மாட்டப்பட்ட மலிவான கண்காணிப்புக் கேமராக்களையும் ரூட்டர்களையும் கைப்பற்றும் ஒரு மாணவன் போதும். எங்கோ ஒரு மாடிப்படியில் திருடனைப் பிடிக்க மாட்டிய கேமரா, வேறொரு கண்டத்தில் ஒரு செய்தியாளரின் வாயை அடைக்கும் ஆயுதமாகிறது. இந்தத் தொடர்பை வாசகர்கள் ஒருமுறை உணர்ந்துவிட்டால், கடவுச்சொல்லை மாற்றுங்கள் என்ற அறிவுரை அவர்களுக்கு வேறு பொருளில் கேட்கும் என்று நம்புகிறேன்.

தாக்கியவர்கள் பிடிபட்டார்களா?

தாக்குதலுக்குப் பயன்பட்ட தீநிரலின் பெயர் மிராய். அதை எழுதியவர் ‘அன்னா-சென்பாய்’ என்ற புனைபெயரில் அதன் மூல நிரலை வெளியிட்டுவிட்டு மறைந்தார். கிரெப்ஸ் பல மாதங்கள் உழைத்து, 2017 ஜனவரி 18 அன்று மிக நீண்ட கட்டுரை ஒன்றை வெளியிட்டார். பழைய மன்றப் பதிவுகள், தெரிந்த நிரல் மொழிகளின் பட்டியல், மைன்கிராஃப்ட் விளையாட்டு சர்வர்களுக்கு இடையிலான தொழில் போட்டி, தாக்குதலிலிருந்து காப்பதாகச் சொல்லிக்கொண்ட சிறு நிறுவனம் ஒன்று ஆகிய இழைகளைப் பிடித்துச் சென்று, ரட்கர்ஸ் பல்கலைக்கழக மாணவர் பராஸ் ஜாவின் பெயரை அதில் குறிப்பிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் பராஸ் ஜாவும் கூட்டாளிகள் இருவரும் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். எஃப்பிஐக்கு உதவியதைக் கருத்தில்கொண்டு, 2018இல் அவர்களுக்கு 5 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 2,500 மணிநேரச் சமூகப் பணியும் விதிக்கப்பட்டன.

2025 மே மாதம் கிரெப்ஸின் தளத்தின் மீது நொடிக்கு 6.3 டெராபிட் அளவில், அதாவது 2016இல் நடந்ததைப்போல் பத்து மடங்கில், இன்னொரு தாக்குதல் வந்தது. ஒரு நிமிடம்கூட நீடிக்கவில்லை, தளமும் விழவில்லை.

நீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன் ஒருவரின் பெயரை வெளியிடுவது முறையா?

இதில் எனக்கு முழு நிம்மதி இல்லை. பராஸ் ஜா விஷயத்தில் அவர் எழுதியது சரியாயிற்று. ஆனால் புனைபெயருக்குப் பின்னால் இருக்கும் ஆளைத் தேடும்போது, ஒரே பயனர்பெயரை இருவர் பயன்படுத்தியிருக்கலாம். ஒருவரைச் சிக்கவைப்பதற்காகவே தடயங்கள் வேண்டுமென்று விடப்பட்டிருக்கலாம். கிரெப்ஸ் தம் கட்டுரைகளில் எந்தத் தடயத்திலிருந்து எந்த முடிவுக்கு வந்தார் என்பதை ஒவ்வொரு படியாகக் காட்டுகிறார். சம்பந்தப்பட்டவரிடம் கேட்டு அவருடைய மறுப்பையும் சேர்க்கிறார். வாசகர் அந்தச் சங்கிலியைத் தாமே இழுத்துப் பார்க்கலாம். அந்த வெளிப்படைத்தன்மை இல்லாமல் அவருடைய முறையைப் பின்பற்ற நினைப்பவர்கள் பெயர் வெளியிடுவதை விட்டுவிட வேண்டும்.

அவர் தவறு செய்ததே இல்லையா?

செய்திருக்கிறார்; அதைப் பேசாமல் அவரைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. 2021 மார்ச்சில், யுபிக்விட்டி என்ற வலையமைப்புக் கருவி நிறுவனம் தனக்கு நேர்ந்த தரவுத் திருட்டைக் குறைத்துச் சொல்கிறது என்று உள்ளிருந்து குரல் எழுப்பும் ஊழியர் ஒருவர் தந்த தகவலை வைத்து எழுதினார். அந்த ஊழியர்தான் திருட்டையே செய்து, அந்நிறுவனத்திடம் பணம் பறிக்க முயன்றவர் என்று அமெரிக்க அரசு அதே ஆண்டு டிசம்பரில் குற்றஞ்சாட்டியது. நிறுவனம் 2022இல் அவதூறு வழக்குத் தொடுத்தது. அந்த ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் கிரெப்ஸ் வருத்தம் தெரிவித்து, அக்கட்டுரைகளைத் தளத்திலிருந்து நீக்கினார். வழக்கு முடிவுக்கு வந்தது. அந்த ஊழியருக்கு 2023இல் 6 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது.

டார்கெட் செய்தியையும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் ஒருவரையொருவர் அறியாத பல சாட்சிகள் இருந்தார்கள். பின்னதில் எல்லாம் ஒரே மனிதரின் வாய்வழியே வந்தன. நிறுவனத்தின் உள்ளே இருப்பவர், ஆவணங்களைக் கையில் வைத்திருப்பவர், அநீதியைக் கண்டு கொதிப்பவர் என்ற மூன்று தோற்றங்களும் ஒருவரிடம் சேர்ந்திருக்கும்போது நம்பாமல் இருப்பது மிகக் கடினம். தனியாக இயங்குபவருக்கு அது இன்னும் கடினம். ‘இதற்கு இரண்டாவது சாட்சி எங்கே’ என்று கேட்க எதிர் மேசையில் ஒரு செய்தி ஆசிரியர் இல்லை. சுதந்திரத்தோடு சேர்ந்தே வரும் இந்தக் குறையைத் தனித்தளம் தொடங்க விரும்பும் ஒவ்வொருவரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

பத்திரிகையில் இருந்த காலத்துப் பிழை ஒன்றும் உண்டு. 2006இல், பாட்நெட் (பிறர் அறியாமல் கைப்பற்றிய கணினிகளின் கூட்டம்) நடத்தும் இளைஞர் ஒருவரைப் பெயர் சொல்லாமல் அறிமுகப்படுத்திய அவருடைய இதழ்க் கட்டுரையோடு இணையத்தில் வெளியான படத்துக்குள், ஊரின் பெயர் மறைவிவரமாக ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. வாசகர்கள் அதை உடனே கண்டுபிடித்தார்கள். தகவல் தருபவரைக் காப்பது கட்டுரையாளரோடு முடிவதில்லை என்பதற்கு இதை இன்றும் வகுப்புகளில் சொல்கிறேன்.

அவர் எழுதிய புத்தகம் எதைப் பற்றியது?

‘ஸ்பேம் நேஷன்’ என்ற அந்தப் புத்தகத்தை சோர்ஸ்புக்ஸ் பதிப்பகம் 2014 நவம்பரில் வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இடம்பெற்றது. மருந்து விற்பனைக் குப்பை மின்னஞ்சலை வைத்துப் பெரும்பணம் ஈட்டிய இரண்டு ரஷ்யத் தொழில் எதிரிகளின் கதை அது. ஒருவரையொருவர் அழிக்க நினைத்த இருவரின் தரப்பிலிருந்தும் மற்றவருடைய கணக்குப் புத்தகங்களும் மின்னஞ்சல்களும் கசிந்தன. அவை கிரெப்ஸிடம் வந்து சேர்ந்தன. இருவரில் ஒருவரான பாவெல் வ்ருப்லெவ்ஸ்கியை நேரில் சந்திக்க 2011இல் மாஸ்கோவுக்கே சென்றார். கட்டணச் சேவை நிறுவனம் ஒன்றின் தலைவரான அந்த மனிதர், போட்டி நிறுவனத்தின் மீது இணையத் தாக்குதல் நடத்திய வழக்கில் 2013இல் ரஷ்யாவிலேயே தண்டனை பெற்றார்.

புத்தகத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி குற்றவாளிகளைப் பற்றியது அல்ல. கசிந்த பட்டியல்களில் மருந்து வாங்கியவர்களின் தொடர்பு விவரங்கள் இருந்தன. கிரெப்ஸ் அவர்களில் பலரைத் தொலைபேசியில் அழைத்து, குப்பை மின்னஞ்சலைப் பார்த்து ஏன் மருந்து வாங்கினீர்கள் என்று கேட்டார். மருத்துவக் காப்பீடு இல்லாதவர்கள், அமெரிக்க மருந்துக்கடை விலையைக் கொடுக்க முடியாதவர்கள், மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட்டவர்கள் என்று ஒரு சமூகமே அந்த விடைகளில் தெரிந்தது. குப்பை மின்னஞ்சலை வாங்குபவர் முட்டாள் என்ற எளிய எண்ணம் அங்கே உடைகிறது. இந்த வணிகத்தின் கழுத்து எங்கே இருக்கிறது என்பதையும் புத்தகம் காட்டுகிறது. இப்படி விளம்பரப்படுத்தப்பட்ட பொருள்களுக்கான அட்டைக் கட்டணங்களில் 95 விழுக்காடு மூன்றே வங்கிகளின் வழியாகச் சென்றதை 2011இல் வெளியான கலிஃபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று நிறுவியது. அனுப்புபவரைத் துரத்துவதைவிடப் பணம் போகும் வழியை அடைப்பது பயன் தரும் என்று அதன் பிறகு பலரும் உணர்ந்தனர்.

தளத்தில் இலவசமாக எழுதியதையே புத்தகமாக்க வேண்டிய தேவை என்ன?

இதே பொருளைப் பற்றி அவர் தளத்தில் பல ஆண்டுகள் தொடராக எழுதியது உண்மை. ஆனால் தொடர்ப் பதிவுகள் அந்தந்த நாளின் அவசரத்தில் பிறக்கின்றன. முந்தையதைப் படிக்காதவருக்குப் பாதி விளங்காது. யார் யாரை எப்போது காட்டிக்கொடுத்தார், அந்தப் பணம் எங்கே போயிற்று என்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே மூச்சில் சொல்லப் புத்தகம்தான் இடம் தந்தது. அதோடு, பாதுகாப்புத் துறைத் தளம் எதையும் திறந்தே பார்க்காத ஒருவர் நூலகத்தில் அந்தப் புத்தகத்தை எடுக்கக்கூடும்.

தொலைக்காட்சியில் அவருக்கு என்ன பங்கு?

டார்கெட் செய்திக்குப் பிறகு அவர் முகம் பரவலாக அறிமுகமானது. 2014 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் அவரைப் பற்றி எழுதியது. அந்தக் கட்டுரையின் திரைப்பட உரிமையை சோனி வாங்கியது. அதே ஆண்டு நவம்பரில் சோனி நிறுவனமே பெரும் இணையத் தாக்குதலுக்கு ஆளானபோது, அதைப் பற்றியும் அவர் எழுத நேர்ந்தது. அந்த நவம்பர் இறுதியில் சிபிஎஸ் தொலைக்காட்சியின் ‘60 மினிட்ஸ்’ நிகழ்ச்சியில், கடையில் அட்டையைத் தேய்க்கும்போது என்ன நடக்கிறது என்று விளக்கினார். தொழில்நுட்பம் தெரியாத கோடிக்கணக்கானோருக்கு ஓர் ஆபத்தைச் சில நிமிடங்களில் புரியவைக்கும் வாய்ப்பு அது. அந்தச் சில நிமிடங்களில் சொல்லத் தகுந்த ஏதோ ஒன்று கையில் இருப்பதற்கு, அதற்கு முன் யாரும் பார்க்காத மாதங்கள் பல தேவைப்பட்டன.

சாதாரண வாசகருக்கு அவருடைய எழுத்தால் என்ன பயன்?

2011இல் அவர் மூன்று விதிகளை எழுதினார். நீங்களாகத் தேடிப் போகாத மென்பொருளை நிறுவாதீர்கள். நிறுவியதை உடனுக்குடன் புதுப்பியுங்கள். தேவையற்றுப் போனதை நீக்கிவிடுங்கள். என் வீட்டில் பெரியவர்களுக்குக் கைபேசி வாங்கிக் கொடுக்கும்போது இந்த மூன்றையும் தாளில் எழுதியே கொடுக்கிறேன். மாதந்தோறும் மைக்ரோசாஃப்ட் திருத்தங்கள் வெளியாகும் செவ்வாய்க்கிழமையில் அவற்றைப் பற்றி எளிய மொழியில் அவர் எழுதும் குறிப்பும் பயனுள்ளது.

வாசிக்க விரும்புபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

ஏடிஎம் திருட்டுக் கருவிகளைப் பற்றிய தொடரிலிருந்து தொடங்கலாம். முன்னறிவு எதுவும் வேண்டாம். அட்டை நுழையும் வாயின் மேல் கச்சிதமாகப் பொருந்தும் போலி முகப்புகளையும், விரல்களை நோக்கி வைக்கப்பட்ட ஊசிமுனைக் கேமராக்களையும் படங்களோடு பார்க்கலாம். அடுத்து ஹோம் டிப்போ பற்றிய 2014 செப்டம்பர்ப் பதிவுகள். அதன்பின் ஓர் விடுமுறை நாளை ஒதுக்கி, அன்னா-சென்பாய் கட்டுரையைக் கையில் தாளும் பேனாவும் வைத்துக்கொண்டு, பெயர்களுக்கிடையே கோடு போட்டுக்கொண்டே படியுங்கள். நான் முதன்முறை படித்தபோது பாதி வழியிலேயே எழுத இடமில்லாமல் இரண்டாவது தாளை எடுக்க வேண்டியிருந்தது.